நகம் குறையாத பூனை

எங்கள் வீட்டுச் சோபாவைப் பார்ப்பவர்கள் முதலில் எலி கடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கை வைக்கும் இரண்டு பக்கமும் துணி நார் நாராகக் கிழிந்து, பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். எலி இல்லை. எலியைப் பிடிக்க வேண்டியவர் செய்த வேலை. பெயர் சுண்டல். வேகவைத்த கொண்டைக்கடலை நிறத்தில் இருந்ததால் மகள் வைத்த பெயர்.

அந்தச் சோபா எங்களுடையது இல்லை என்பதுதான் சிக்கலே. ஃபரீதாபாத்தில் நாங்கள் இருப்பது வாடகை வீடு, இரண்டாம் மாடி. கட்டில், மேஜை, சோபா எல்லாம் வீட்டுக்காரருடையவை. அவர் கீழே இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயைப் பார்க்க மேலே வந்தவர், சோபாவில் உட்காரப் போய், உட்காராமல் அப்படியே நின்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் பூனை போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போக வேண்டும். டெபாசிட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கமணி ஒரு வழி கண்டுபிடித்தார். "டாக்டர் யாரையாவது கேளுங்களேன், நகத்துக்கு ஏதாவது பண்ணுவாங்க." கூடையில் சுண்டலைப் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் ரொம்பச் சுலபமாகச் சொன்னார்: "நகத்தை எடுத்துடலாம். அப்புறம் பிரச்னையே இல்லை."

மகள் கேட்டாள், "நகம் வெட்டினா திரும்ப வளருமே?"

"இது வளராது. எலும்போட எடுத்துடுவோம்."

"எந்த எலும்பு?"

அவர் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கி, கடைசிக் கணுவைத் தொட்டுக் காட்டினார். மகள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த சனிக்கிழமைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் மகள் பேசவில்லை. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். வீட்டில் எப்போதும் ஒரு பூனை இருக்கும். யாரும் வாங்கி வந்ததில்லை, வளர்த்ததாகவும் சொல்லமாட்டோம். நெல் இருக்கிற வீடு, எலி இருந்தது, அதனால் பூனையும் இருந்தது. குட்டி போட்டால் மட்டும் வீட்டில் பேச்சு வரும். பூனையைக் கொன்றால் பொல்லாத பாவம் என்பது அப்பாயியின் சட்டம். அதனால் கொல்லமாட்டார்கள், கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது சித்தப்பா சைக்கிளின் பின்னால் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். மூன்று குட்டிகள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கருவேலங்காட்டு ஓரம் பையை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தோம். தாய்ப்பூனை நாலு நாள் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு சுற்றியது. குதிர், பரண், கொல்லை, திரும்பவும் குதிர். ஐந்தாம் நாள் நிறுத்திக்கொண்டது. அப்பாயி அதற்குப் பால் ஊற்றினார். பாவம் எதுவும் செய்யவில்லை என்ற நிம்மதியோடுதான்.

சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் தேடினேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எலியில் தொடங்கிய உறவு

சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்று ஓர் இடம். அங்கே சுமார் 9,500 வருடப் பழைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூடு கிடைத்தது. அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, தனியாக ஒரு சிறு குழியில் ஏறக்குறைய எட்டு மாதப் பூனை ஒன்றின் முழு எலும்புக்கூடு. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004-ல் இதை வெளியிட்டார்கள். சைப்ரஸில் இயற்கையாகப் பூனை கிடையாது. அதாவது யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். எகிப்துக்காரர்கள்தான் முதலில் பூனை வளர்த்தவர்கள் என்று நாம் பள்ளியில் படித்ததைவிட இது பல ஆயிரம் வருடம் முந்தியது.

நம் வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இருக்கும் ஒரு காட்டுப்பூனை. முழுதாக வீட்டுப் பூனை ஆனது எங்கே, எப்போது என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உறவு தொடங்கிய காரணத்தில் பெரிய சண்டை இல்லை. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. நாயைப் போல வேட்டைக்குக் கூட்டிப்போக வேண்டாம், மாட்டைப் போலக் கட்டிப்போட வேண்டாம். ராத்திரி வேலை, பகலில் தூக்கம், வாசல் எப்போதும் திறந்திருக்கும். எங்கள் ஊர் வீட்டில் நடந்ததும் இதேதான்.

எகிப்தில் இந்தப் பூனை பாஸ்டெட் என்ற தெய்வமே ஆனது. வீட்டுப் பூனை செத்தால் எகிப்தியர்கள் துக்கத்துக்குப் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்கர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கோயிலுக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தப்பட்ட பூனை மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பலவும் இளம் பூனைகள், கழுத்து முறிக்கப்பட்டவை. பக்தர்களுக்கு விற்க வளர்த்துக் கொன்றிருக்கிறார்கள். 1890-ல் சுமார் 1,80,000 பூனை மம்மிகள் கப்பலில் லிவர்பூலுக்குப் போய், உரத்துக்காக ஏலம் விடப்பட்டன. பூனைமேல் அன்பு வைத்தவர்கள் எல்லாம் பூனைக்கு நல்லது செய்தார்கள் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

நம் நாட்டுப் பக்கம் வந்தால், கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் பூனை அரசாங்கத்தின் கைக்கருவி. எலித் தொல்லை வந்தால் பூனைகளையும் கீரிகளையும் அவிழ்த்துவிட வேண்டும். அப்படி விட்டவற்றை எவனாவது பிடித்தாலோ கொன்றாலோ 12 பணம் அபராதம்.

தமிழிலும் பூனை பழைய ஆசாமி. சங்கப் பாடல்களில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். தொல்காப்பியத்தின் மரபியல், கீரி, வெருகு, எலி, அணில் நான்கின் பிள்ளைகளையும் குட்டி என்று சொல்லலாம் என்று இலக்கணமே வகுக்கிறது. பூனைக்குப் பூசை என்று இன்னொரு பெயர். பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் பார்க்கும் பூசையோடு தன்னை ஒப்பிட்டுத்தான் கம்பர் அவையடக்கம் பாடினார். மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்று சொல்கிறோமே, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, அதில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றி எலிகள். பள்ளிச் சுற்றுலாவில் போனபோது, கபட சந்நியாசி, ருத்திராட்சப் பூனை என்று வாத்தியார் விளக்கினார். இப்போது படத்தை மறுபடி பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. சுண்டல் சோபாவைப் பிறாண்டுவதற்கு முன்னால் நிற்பதும் சாட்சாத் இந்த மாதிரிதான். அந்தச் சிற்பி பூனையை நன்றாகப் பார்த்தவர்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இவை எதுவும் இல்லை. வேல்ஸ் நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹைவெல் தா என்ற அரசன் பெயரில் ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. அதில் பூனைக்கு விலை போட்டிருக்கிறார்கள். கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி, எலி பிடிக்கும்வரை இரண்டு, பிடித்த பிறகு நான்கு. கூடவே, விற்கிற பூனைக்கு இருக்க வேண்டிய லட்சணங்கள். கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும், எலி பிடிக்க வேண்டும், குட்டியைத் தின்னாமல் வளர்க்க வேண்டும், நகம் குறையாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியவனுக்குத் திருப்பித் தர வேண்டும்.

நகம் குறைந்த பூனை, குறையுள்ள சரக்கு. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் காசு கொடுத்து அந்தக் குறையை உண்டாக்கத் தேதி வாங்கி வைத்திருக்கிறேன்.

கதவு மூடிய கதை

சரி, இத்தனை ஆயிரம் வருடம் பிரச்னையாக இல்லாத நகம் எப்போது பிரச்னை ஆனது? பூனையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியபோது.

அதற்கும் ஒரு வருடம் சொல்லலாம். 1947. நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், பூனை மலம் கழிக்க மணலுக்குப் பதிலாக, ஈரத்தை உறிஞ்சும் களிமண் குருணையைப் பைகளில் போட்டு விற்கத் தொடங்கினார். அதுவரை அங்கே வீட்டுக்குள் பூனைக்கு மணலும் சாம்பலும்தான். நாற்றம் தாங்காமல் வெளியே அனுப்பிவிடுவார்கள். களிமண் வந்ததும் பூனை இருபத்துநாலு மணி நேரமும் வீட்டுக்குள் இருக்க முடிந்தது. மாடிக் குடியிருப்பிலும் பூனை வளர்க்கலாம் என்று ஆனது. இன்று நாம் கடையில் வாங்கும் பூனை மண்ணுக்கு அதுதான் தொடக்கம்.

உள்ளே வந்த பூனை நகத்தையும் கூடவே கொண்டுவந்தது. மரமும் வேலியும் இருந்த இடத்தில் இப்போது சோபாவும் திரைச்சீலையும். அடுத்த பத்து வருடத்துக்குள், 1950-களில், அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ்களில் நகம் நீக்கும் அறுவை சிகிச்சை பேசப்பட்டு, பிறகு சர்வசாதாரணமாக ஆகிவிட்டது. முன்னங்கால்களில் மட்டும் பத்து விரல்களின் கடைசி எலும்பு. பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி. அந்த நுனியே போய்விட்டால் அதன் நடையே மாறிவிடும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 274 பூனைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நகம் எடுத்த பூனைகளுக்கு முதுகுவலி அதிகம், மண் தட்டை விட்டுக் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது அதிகம், கடிப்பதும் அதிகம். சோபாவைக் காப்பாற்றப் போய் மெத்தையை இழந்த கதை.

எதிர்ப்பும் வந்தது. 1987-ல் ஐரோப்பிய நாடுகள் செய்த வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை இதைத் தடைசெய்யச் சொன்னது. அமெரிக்காவில் 2003-ல் வெஸ்ட் ஹாலிவுட் நகரமும், 2019-ல் முதல் மாநிலமாக நியூயார்க்கும், 2022-ல் மேரிலாண்டும் தடை போட்டன.

இந்தியாவில்? இங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்கிறோம். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், அடுத்த வருடமே பிராணிகள் வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே இதைச் செய்யும் என்று நேரு உறுதி கொடுத்ததால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் பலன்தான் 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். தேவையில்லாமல் வலியும் வேதனையும் தருவதும், உறுப்பைச் சிதைப்பதும் அதில் குற்றம். 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். வாரியம் பல காலம் சென்னையில்தான் இருந்தது. 2018-ல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது. எங்கள் ஃபரீதாபாத் மாவட்டத்துக்கே! நான் வந்த வழியில் அதுவும் வந்திருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நான் தேதி வாங்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை போன் செய்து, சனிக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மகளிடம் சொன்னபோது ஒன்றும் பேசாமல் போய்ப் பல் தேய்த்தாள். அன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டாள்.

கட்டில் கால்

தேதியை ரத்து செய்வது சுலபம். முதல் தேதி மட்டும் வந்துகொண்டேதான் இருந்தது.

பூனை ஏன் பிறாண்டுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று காரணங்கள். நகத்தின் மேல் உறை பழசானதும் கழன்று விழ வேண்டும், பிறாண்டினால்தான் விழும். (சோபாவுக்கு அடியில் பிறை வடிவத்தில் கிடந்தவை அவைதான்.) இரண்டாவது, தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறிக்க ஒரு பிடிமானம். மூன்றாவது, பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து, 'இது என் இடம்' என்று எழுதி வைப்பது. மூன்றுமே அதற்கு அவசியம். அடித்தால் நிற்காது. நாம் இல்லாத நேரத்தில் செய்யும், நம்மைக் கண்டால் பயப்படும், அவ்வளவுதான். ஆகவே பிறாண்டாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை, இங்கே பிறாண்டு என்று ஓர் இடம் காட்ட வேண்டும்.

கடையில் விற்கும் கம்பம் ஒன்று வாங்கினேன். ஒன்றரை அடி உயரம், தொட்டால் ஆடும். சுண்டல் ஒரு முறை முகர்ந்துவிட்டு நேராகச் சோபாவுக்குப் போனது. வழி தெரிந்தது மொட்டைமாடியில். துணி எடுக்கப் போனபோது கூடவே வந்தது, மூலையில் கவிழ்த்துப் போட்டிருந்த வீட்டுக்காரரின் உடைந்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்ததும், அதன் காலில் மாமல்லபுரத்துப் பூனை மாதிரி நின்று, முதுகு முழுக்க நீட்டி, நிதானமாகப் பிறாண்டியது. இதைவிடத் தெளிவாக ஒரு பூனை எப்படிச் சொல்லும்?

கீழே போய் அந்தக் கட்டிலைத் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எடுத்துக்கொள் என்று கையை ஆட்டினார். கட்டிலின் ஒரு காலையும், அதோடு இணைத்த நீளச் சட்டத்திலிருந்து ஒரு துண்டையும் சேர்த்து மூன்றடிக் கம்பமாகத் தச்சர் செய்து கொடுத்தார். அடியில் மிச்சம் கிடந்த கோட்டா கல்லைப் பதித்தோம், அசையக் கூடாது என்பதற்காக. சுற்றிலும் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றியது நானும் மகளும்.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். அழகாக இல்லை என்று பால்கனி மூலையில் வைத்தால் பூனை அங்கே போகாது. தன் இடம் என்று எழுத நினைப்பது நடுக்கூடத்தில். ஆகவே சோபாவின் கிழிந்த கைக்கு முன்னாலேயே வைத்தோம். சோபாவின் கைகளில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டினோம். பாதத்தில் பிசுபிசு என்று ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. கம்பத்தில் பிறாண்டும் ஒவ்வொரு முறையும் மகள் ஒரு துணுக்கு வேகவைத்த கோழி கொடுப்பாள். மூன்று வாரத்தில் சோபாப் பக்கம் போவது ஏறக்குறைய நின்றது. பிறகுதான் கம்பத்தைத் தினம் ஒரு சாண் நகர்த்தினோம்.

இன்னொன்று நகம் வெட்டுவது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நுனியை மட்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தநாளம், அதைத் தொடக் கூடாது. முதல் முறை தங்கமணி சுண்டலின் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். "தாய்ப்பூனை இப்படித்தானே தூக்கும், தென்கலைக்காரங்க மார்ஜார நியாயம்னே சொல்றாங்க!" சொன்னது வாஸ்தவம்தான். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும், பூனைக் குட்டியைத் தாயே பற்றிக்கொண்டு போகும், இறைவனும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம். ஆனால் அது குட்டிக்கு. வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கினால் வலியும் பயமும்தான். மடியில் துண்டு விரித்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு விரல் போதும். இந்த வாரம் ஒரு கால், அடுத்த வாரம் ஒரு கால். அவசரம் எதுவும் இல்லை.

புறாவும் வலையும்

நகப் பிரச்னை அடங்கியதும் வெளியே போகும் பிரச்னை. இங்கே வடக்கே புறா இல்லாத பால்கனி கிடையாது. அந்த அக்டோபரில் ஒரு சாயங்காலம், ஏ.சி. பெட்டிமேல் உட்கார்ந்த புறாவைப் பார்த்துச் சுண்டல் பால்கனிக் கம்பியிலிருந்து பாய்ந்தது. நல்லவேளை, முதல் மாடி ஜன்னலின் மழைத்தடுப்பில் விழுந்தது. கால் பிசகியதோடு போயிற்று.

பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று நாம் சொல்வோமே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1987-ல் நியூயார்க் மருத்துவர்கள், மாடியிலிருந்து விழுந்து ஐந்து மாதத்தில் தங்களிடம் வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. சந்தோஷப்பட வேண்டாம். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதில்லை. பிழைத்தவற்றிலும் நெஞ்சில் அடி, தாடை முறிவு, கால் முறிவு.

அப்படியானால் பழைய மாதிரி கீழே அவிழ்த்துவிடலாமா? எங்கள் தெருவில் வண்டிகளும் நாய்களும் அதிகம். பூனையாலும் ஆபத்து உண்டு. நியூசிலாந்தை ஒட்டிய ஸ்டீபன்ஸ் தீவில் 1894-ல் கலங்கரை விளக்கம் வந்தது, ஆட்களோடு பூனையும் வந்தது. அங்கே மட்டும் மிஞ்சியிருந்த ஒரு சிறு குருவி இனம் சில வருடங்களுக்குள் அழிந்தே போயிற்று. எலிக்காகச் செய்த ஒப்பந்தத்தில் குருவிகளை யாரும் கேட்கவில்லை.

உள்ளே வைப்பது என்று முடிவு செய்தால், வெளியே கிடைத்ததில் கொஞ்சத்தையாவது உள்ளே கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான். பால்கனிக்குப் புறா வலை. நைலான் வலையைப் பூனை கடிக்கும் என்பதால் கீழ்ப்பாதிக்குக் கம்பி வலை. வலைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், புறா பார்க்க. பூனை சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும், அதுதான் அதன் வேட்டை நேரம். அந்த நேரத்தில் ஒரு குச்சியில் கயிறும் இறகும் கட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உடனே சாப்பாடு. 2021-ல் பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில், தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்தபோது 36 சதவீதம். இதோடு கருத்தடை அறுவை சிகிச்சை, வெறிநோய்த் தடுப்பூசி. கருத்தடைக்குப் பிறகு ராத்திரி கதவைப் பிறாண்டிக் கத்துவது நின்றேவிட்டது. வாரம் மூன்று நாள் நெஞ்சுப் பட்டை மாட்டி மொட்டைமாடிக்கு ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் பட்டையைப் போட்டதும் செத்த மாதிரி படுத்துவிடும். பழகும்வரை வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பார்ப்பது நல்லது.

முதல் தேதி அன்று வீட்டுக்காரர் வந்தார். அதற்குள் கம்பம் வந்து இரண்டரை வாரம் ஆகியிருந்தது. சோபாவுக்குப் புதுத் துணி போடும் செலவை நான் தர வேண்டும் என்றார். தந்தேன், நியாயம்தானே. பேசிக்கொண்டிருக்கும்போதே சுண்டல் எழுந்து வந்து, அவருடைய பழைய கட்டில் காலில் நின்று நீட்டி முறித்துப் பிறாண்டியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டில் அவர் அப்பாவுடையதாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'அடுத்த மாதம்' இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அம்மா ஊரிலிருந்து போன் செய்தார். பூனை பரணில் நாலு குட்டி போட்டிருக்கிறதாம். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, வேறு யாரையாவது விட்டுக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். குட்டிகள் பால் மறக்கட்டும், தெரிந்த வீடுகளில் கேட்டுக் கொடுக்கலாம், தாய்க்குத் தஞ்சாவூரில் கருத்தடை செய்துவிடலாம், பணம் நான் அனுப்புகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பூனைக்குப் போய் ஆபரேஷனா என்று சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு அது நாலு நாள் கத்திச்சே, உனக்கு ஞாபகம் இருக்காடா?" என்றார்.

இருக்கும்மா என்றேன்.